அண்டை வீட்டு முதலை

முதலையைப் பற்றி நம் பெரியோர் சொல்லிவைத்த கதைகள் மூன்றை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். கஜேந்திரனின் காலைக் கவ்விய முதலை ஒன்று. காலடியில் சங்கரரின் காலைப் பற்றி, தாயாரிடமிருந்து அவருக்குச் சந்நியாசத்துக்கு அநுமதி வாங்கித் தந்த முதலை மற்றொன்று. அவிநாசியில், விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாட்டுக்குக் கட்டுப்பட்டுத் திருப்பிக் கொடுத்த முதலை மூன்றாவது. இம்மூன்று கதைகளிலும் முதலை தன் இடத்தில்தான் இருக்கிறது. அகப்பட்டுக் கொண்டவர்களே ஜலத்தில் இறங்கியிருக்கிறார்கள். முதலை வீட்டுக் கதவைத் தட்டி ஒருவரை இழுத்துச் சென்றதாகப் புராணம் எதுவும் நாம் கேட்டதில்லை. இந்தச் சிறு விவரத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொண்டால், இவ்வாரம் நாம் சொல்லப் போகும் விஷயத்தில் பாதி விளங்கிவிடும்.

காவிரியில் நீர் வற்றும் காலங்களில், திருச்சிப் பக்கம் மணல் திட்டில் முதலை வெயில் காய்கிறது என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. வந்தவுடன் ஊரில் இரண்டு கட்சிகள் கிளம்பி விடுகின்றன. ஒரு கட்சி, கைபேசியும் கையுமாகப் படம் பிடிக்க ஓடுகிறது. மற்றொரு கட்சி, "சர்க்கார் என்ன செய்கிறது? எல்லாவற்றையும் பிடித்து எங்கேயாவது கொண்டுபோய் விட வேண்டாமா?" என்று கேட்கிறது. முதலைக்கும் மனிதருக்கும் நடுவில் நல்ல வழக்கம் ஒன்று ஏற்பட வேண்டுமானால், வேடிக்கை பார்ப்பதும் போதாது; கோபித்துக் கொள்வதும் போதாது.

கைலாசபுரத்து வாசிகளாகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் நினைக்கக்கூடும். பாய்லர் தொழிற்சாலைக்காகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது. வீதிகள் நேராக இருக்கின்றன. மரங்கள் நிழல் தருகின்றன. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. காவிரியோ வடக்கே சில மைல் தள்ளி ஓடுகிறது. ஆனால் பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகரத்தின் நடுவே புகுந்து, நமக்கு அயலிலுள்ள வாழவந்தான்கோட்டை ஏரியில் வந்து சேரும் உய்யக்கொண்டான் வாய்க்காலை மறந்துவிடலாகாது. ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவில் சோழர் காலம் முதல் நீர் வழி இருக்கிறது. நீர் வரும் வழியில் நீரோடு வாழும் பிராணியும் வரலாம் என்பது இயற்கையின் சாதாரணக் கணக்கு. அன்றியும், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அம்மா மண்டபத்துக்கும் முக்கொம்புக்கும் கல்லணைக்கும் குடும்பத்தோடு கட்டுச்சோறு எடுத்துப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

முதலில் இந்தப் பிராணி யார் என்று தெரிந்து கொள்வோம். குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்களைச் சொல்கிறது. இன்றைய விஞ்ஞானிகளும் இந்தியாவில் மூன்று இனங்களைக் கூறுகிறார்கள். வட நாட்டு ஆறுகளில் மீன் தின்று வாழும், நீண்ட மூக்குடைய கரியால் ஒன்று. ஒரிஸ்ஸாவின் பிதார்கனிகாவிலும் வங்கத்துச் சுந்தரவனத்திலும் அந்தமானிலும் உள்ள உவர்நீர் முதலை ஒன்று. குளம், ஏரி, ஆறு எல்லாவற்றிலும் வாழும் சதுப்பு முதலை ஒன்று. நம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் இருப்பது இந்தச் சதுப்பு முதலைதான். அமெரிக்கர் 'அலிகேட்டர்' என்று சொல்லும் இனம் நம் நாட்டில் இயற்கையாக இல்லை. அது அமெரிக்காவிலும் சீனத்திலும் மட்டுமே உண்டு. வாயை மூடியிருக்கும்போதும் கீழ்த் தாடையின் நான்காவது பல் வெளியே தெரிந்தால் அது முதலை. தெரியாமல் மேல் தாடைக்குள் மறைந்தால் அலிகேட்டர். இதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு யாரும் கிட்டே போக வேண்டியதில்லை.

சதுப்பு முதலை வளர்ந்தால் சாதாரணமாக 3 முதல் 4 மீட்டர் நீளம் இருக்கும். அதன் இரத்தத்துக்குச் சொந்தச் சூடு கிடையாது. ஆகையால் காலையில் வெயில் காய்கிறது, வாயைத் திறந்து வைத்துக் கொண்டு படுத்திருக்கிறது. அதைக் கண்டு "சீறுகிறது" என்று அஞ்சுவோர் உண்டு. உடம்பின் சூட்டைச் சமன் செய்து கொள்வதற்கே பெரும்பாலும் அது வாயைத் திறக்கிறது. கரையில் ஆழமான வளை தோண்டி, கோடையில் அதற்குள் ஒதுங்குகிறது. குளம் அறவே வற்றினால், இரவில் நிலத்தின் மீது நடந்து வேறு நீர்நிலை தேடிப் போகிறது. மாசி, பங்குனி மாதங்களையொட்டி மணற்கரையில் குழி தோண்டி, பெரும்பாலும் 25 முதல் 30 முட்டைகள் இடுகிறது. சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது மணலின் வெப்பம்! 31 டிகிரிக்குள் இருந்தால் பெண்ணாகவும், 32.5 டிகிரியை ஒட்டினால் பெரும்பாலும் ஆணாகவும் பிறக்கின்றன. பொரித்த குஞ்சுகளைத் தாய் தன் வாயிலேயே மென்மையாக ஏந்திக்கொண்டு நீரில் விடுகிறது. முதலைக் கண்ணீர் பொய்யென்று பரிகசிக்கும் நாம், முதலைத் தாயின் அன்பு மெய்யென்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த அன்பே நமக்கு அபாயமும் ஆகிறது. கூட்டின் பக்கம் போகிறவரை அது பொறுத்துக் கொள்ளாது. குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்து சில நாளில், ஜூன் 12-ஆம் தேதியை ஒட்டி மேட்டூர் அணை திறக்கும் வழக்கம் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். வற்றிக் கிடந்த ஆற்றில் நீர் வருகிறது. நீரோடு முதலையும் இடம் மாறுகிறது. நாமும் ஸ்நானத்துக்குப் புறப்படுகிறோம்.

நிற்க. இந்தப் பிராணி ஒரு காலத்தில் அடியோடு அழிந்து போகும் நிலையில் இருந்தது. தோலுக்காகச் சுட்டார்கள், முட்டையை எடுத்தார்கள், மணலை வாரினார்கள். 1972-இல் வன உயிர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. முதலை அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. 1975-இல் மத்திய சர்க்கார் முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதையொட்டி நம் மாகாணத்தில் அமராவதி அணையருகே முதலைப் பண்ணை ஏற்பட்டது. 1976-இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேகரும் அவருடைய துணைவியார் ஜாய் விட்டேகரும் முதலைப் பண்ணை ஒன்றை நிறுவினார்கள். அந்த முயற்சிகள் பலித்தன. இன்று முக்கொம்பிலிருந்து கீழணையைத் தாண்டிக் கடலோரம் வரை முதலை இருக்கிறது என்றால், அது ஒரு தேசம் மனம் வைத்து ஒரு ஜீவனைக் காப்பாற்றியதன் பலன். இதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் இந்தப் பெருமையின் விலையை யார் கொடுக்கிறார்கள்? சிதம்பரத்துக்குத் தெற்கே பழைய கொள்ளிடக் கரையில் வல்லம்படுகை, வேளக்குடி, அகரநல்லூர், பழையநல்லூர் என்று கிராமங்கள் இருக்கின்றன. அங்கே ஆற்றில் துணி துவைக்கிறார்கள், மாடு குளிப்பாட்டுகிறார்கள், அக்கரை வயலுக்கு ஆற்றில் இறங்கிப் போகிறார்கள். அந்த ஆற்றில் முதலை இருக்கிறது. அப்பகுதியில் கை கால் இழந்தவர்கள் உண்டு. உயிர் இழந்தவர்களும் உண்டு. வெள்ளக் காலத்தில் முதலை குளத்துக்கும் வயலுக்கும் வீட்டுக் கொல்லைக்குமே வந்து விடுகிறது. வன இலாகாவினர் கிராமத்தார் உதவியோடு பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். இது அங்கே அதிசயச் செய்தியல்ல, வருஷந்தோறும் நடப்பது.

"எல்லாவற்றையும் பிடித்துக் கொண்டுபோய் விட்டால் என்ன?" என்ற கேள்விக்கு இப்போது வருவோம். கேள்வி நியாயமானதே, பதில்தான் சுலபமாயில்லை. முதலைக்குத் தன் இடத்தின் மீது பற்றுண்டு. ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலைகளைப் பிடித்து, ஹெலிகாப்டரில் ஏற்றி வெகுதூரம் கொண்டுபோய் விட்டு, உடம்பில் கருவி கட்டிப் பார்த்தார்கள். அவை திரும்பி வந்தன. ஒன்று 20 நாட்களில் 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தித் தன் பழைய ஆற்றுக்கே வந்து சேர்ந்தது. இந்த ஆராய்ச்சி 2007-இல் வெளியாயிற்று. வராமல் போனாலும், காலியான இடத்துக்கு வேறொரு முதலை வரும். வீட்டுக் கொல்லையில் புகுந்ததைப் பிடிக்கத்தான் வேண்டும்; அதில் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆற்றில் இருப்பதையெல்லாம் பிடித்துத் தீர்ப்பது என்பதோ, காவிரியை இறைத்துத் தீர்ப்பது போன்ற காரியம்.

பிற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் ஏறக்குறைய 13 லட்சம் அலிகேட்டர்கள் இருப்பதாக அம்மாகாண அதிகாரிகள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏரிக்கரையில் வரிசையாக வீடு கட்டிக் குடியிருக்கும் சீமான்களின் புல்வெளியில் அவை வந்து படுத்துக் கொள்கின்றன. அங்கே முதல் விதி, அதற்கு உணவு போடக் கூடாது என்பது, போடுவது குற்றம். கையால் போட்டதைத் தின்று பழகிய முதலைக்கு மனிதரிடம் உள்ள பயம் போய்விடுகிறது; பிறகு அது கையையும் உணவையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நான்கு அடிக்கு மேற்பட்டது உபத்திரவம் செய்வதாகப் புகார் வந்தால் ஆள் அனுப்பிப் பிடிக்கிறார்கள். இடம் மாற்றினால் திரும்பி விடும் என்பதால், பெரும்பாலும் கொன்று விடுகிறார்கள். நம் சட்டமும் நம் மனமும் அதற்கு இடம் கொடா. ஆகவே நாம் புளோரிடாவைவிட அதிக ஜாக்கிரதையாக இருந்தாக வேண்டும்.

நம் நாட்டிலேயே பரோடா நகரத்தின் நடுவே விசுவாமித்திரி நதியில் நூற்றுக்கணக்கான முதலைகள் வாழ்கின்றன. 2024 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது அவை வீதிக்கும் வீட்டு வாசலுக்கும் வந்தன. மூன்றே நாளில் 24 முதலைகளை மீட்டார்கள். பயிற்சி பெற்ற தொண்டர்கள் அழைத்த நேரத்தில் வருவதால்தான் அந்நகரம் சமாளிக்கிறது. அதே கூர்ஜரத்தில் மலாதஜ் என்ற கிராமத்தில் முதலையை வாகனமாகக் கொண்ட கோடியார் அம்மனுக்குக் கோயில் இருக்கிறது. குளத்து முதலையை ஜனங்கள் துன்புறுத்துவதில்லை. பக்தி நல்லதே, எனினும் பக்தி மட்டும் வேலியாகாது. பிதார்கனிகாவில் 1,700-க்கு மேற்பட்ட உவர்நீர் முதலைகள் உள்ளன. அங்கே ஆற்றுத்துறைகளைச் சுற்றி வன இலாகாவினர் தடுப்பு அமைத்திருக்கிறார்கள். இலங்கையில் மாத்தறைப் பக்கம் நில்வளா ஆற்றில் இது பழைய வழக்கம். படித்துறையைச் சுற்றி ஆற்றுக்குள் கழிகளை நெருக்கமாக ஊன்றி அடைத்து விடுகிறார்கள். 'கிம்புல் கொட்டுவ', அதாவது முதலைக் கோட்டை, என்று அதற்குப் பெயர். உள்ளே மனிதர் குளிக்கிறார், வெளியே முதலை நீந்துகிறது, இருவருக்கும் வழக்கில்லை.

வள்ளுவர் முதலையை உவமையாக எடுத்தாண்ட அதிகாரத்துக்கு இடனறிதல் என்று பெயர். ஆழ்ந்த நீரில் அதற்கே வெற்றி, நீரை விட்டு வந்தால் பிறர்க்கு வெற்றி என்பது அவர் கருத்து. அரசர்களுக்குச் சொன்ன அந்த யுக்தி, ஆற்றங்கரையில் துணி அலசுகிறவருக்கு அப்படியே பொருந்துகிறது. முதலையின் இடம் நீர். நம் இடம் நிலம். இரண்டும் சந்திக்கும் விளிம்புதான் அபாயமான எல்லை. முதலை அந்த விளிம்பில், கலங்கிய நீருக்குள், மூக்கும் கண்ணும் மட்டும் தெரியக் காத்திருக்கிறது. கரையில் வெகுதூரம் துரத்தி வந்து பிடிப்பது அதன் வழக்கமன்று. ஆதலால் விளிம்பை விட்டு விலகியிருப்பவருக்குப் பெரும்பாலும் பயமில்லை.

இந்த ஒரே தத்துவத்திலிருந்து எல்லா விதிகளும் பிறக்கின்றன. முதலை இருப்பதாகத் தெரிந்த இடத்தில் நீரோரத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அந்தி மயங்கியது முதல் பொழுது விடியும் வரை நீரில் இறங்கலாகாது. அதன் வேட்டை நேரம் அது. தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இறங்கும் பழக்கம் கூடாது. முதலை பொறுமைசாலி, நம் தினசரி வழக்கத்தைக் கவனித்துக் கற்றுக் கொள்கிறது. தண்ணீர் மொள்ள வேண்டுமானால் குனிந்து மொள்ளாமல், கயிறு கட்டிய வாளியை வீசி இழுக்கலாம். குழந்தைகளையும் ஆட்டுக்குட்டியையும் நாயையும் விளிம்பில் விடக் கூடாது. கோழிக் கழிவையும் மீன் கழிவையும் ஆற்றிலும் வாய்க்காலிலும் கொட்டுவது, முதலைக்கு இலை போட்டு விருந்து வைப்பதற்குச் சமானம். இந்தக் குற்றத்தைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கிராமத்தாரல்லர். நகரத்துக் கடைகளும், அக்கடைகளில் வாங்கும் நாமும்தான். மணற்கரையில் குழியோ தோண்டிய தடமோ கண்டால் திரும்பி விட வேண்டும். குட்டி முதலையைக் கண்டு 'அழகாயிருக்கிறதே' என்று கையில் எடுப்பவர், தாய் பக்கத்தில் இருக்கும் என்பதை மறந்தவர்.

கொல்லையிலோ குளத்திலோ முதலை கண்டால், கல்லெறிவதும் கயிறு வீசுவதும் வீரமல்ல. கூட்டத்தை விலக்கி, அது போகும் வழியை மறிக்காமல், வன இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவசரத்துக்கு 112 இருக்கிறது, தீயணைப்புப் படையின் 101 இருக்கிறது. நிலத்தில் துரத்தினால் வளைந்து வளைந்து ஓடு என்று ஒரு பழைய உபதேசம் உலவுகிறது, அது தவறு. நீரை விட்டு நேராக ஓடுவதே சரி. பிடிபட்டவர் அதன் கண்ணிலும் மூக்கின் முனையிலும் பலமாகத் தாக்க வேண்டும். சிறு காயமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதன் பல் பட்ட புண் விஷமேறிச் சீழ் பிடிக்கும்.

இவ்வளவும் படித்த பிறகு நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மேலே சொன்ன விதிகளில் பெரும்பாலானவற்றை நாம் சிரமமின்றி அநுசரிக்கலாம். அந்தியில் ஆற்றில் இறங்காதே என்றால், நமக்கு என்ன நஷ்டம்? நம் வீட்டில் குளியலறை இருக்கிறது. ஆனால் வேளக்குடியிலோ, நம் திருவெறும்பூருக்கு வடக்கே காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றிலோ, பகல் முழுவதும் வயலில் நடவு நட்டு, அந்தியில்தான் உடம்பு கழுவ நேரம் கிடைக்கும் பெண்ணுக்கு அதே வார்த்தையை எப்படிச் சொல்வது? கழிப்பிடம் இல்லாதவருக்கு இருட்டும் ஆற்றோரமும்தானே மறைவு? ஆற்றுக்குப் போகாதே என்று பலகை நட்டுவிட்டு, போகாமலிருக்க வழி செய்யாவிட்டால், அந்தப் பலகை முதலையிடமிருந்து சர்க்காரைக் காப்பாற்றுமே தவிர ஜனங்களைக் காப்பாற்றாது.

ஆகையால் முதலைப் பிரச்னை என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி குழாய்ப் பிரச்னையே. ஆற்றோரக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும், மாடு குளிப்பாட்டக் கரைமேல் ஒரு தொட்டியும், அக்கரைக்குப் போக ஒரு பாலமும், ஸ்நானத்துக்குக் கம்பி அடைப்பு போட்ட படித்துறையும், அதற்கு ஒரு விளக்கும் இருந்தால், முதலைக்கும் மனிதருக்கும் சண்டை வரும் சந்தர்ப்பம் வெகுவாகக் குறைந்து போகும். இவற்றில் எதுவும் விஞ்ஞான அதிசயமல்ல. இலங்கைக் கிராமத்தார் கழியைக் கொண்டே சாதித்தது. முதலையைக் காப்பாற்றச் சட்டம் செய்த தேசம், முதலையின் அண்டை வீட்டாரைக் காப்பாற்றக் கம்பி வேலிக்குக் கணக்குப் பார்க்கலாமா?

காவிரியை நாம் தாய் என்கிறோம். தாய் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. ஆனால் பலமுள்ள பிள்ளையிடமிருந்து பலமில்லாத பிள்ளையைக் காக்கும் பொறுப்பு மூத்தவர்களுக்கு இருக்கிறது. அடுத்த கிராம சபையில் உங்கள் அயலூரார் படித்துறைக்கு அடைப்பு வேண்டுமென்று எழுந்து கேட்கும்போது, குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு வந்த நாமும் அவர்கள் பக்கத்தில் எழுந்து நிற்க வேண்டும்.